அக்கா அப்பம் கொண்டுபோன பெரிய வியாழன்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிற சொந்தக்காரர்களுக்கும், மட்டாஞ்சேரிப் பங்கு மக்களுக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும் என்று சொல்லி, தங்கச்சி நான் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. அக்கா மகள்தான், "சித்தி, அம்மா கூட கடைசி வரைக்கும் இருந்தது நீங்க. நீங்க எழுதாம வேற யாரு எழுதுவா?" என்று தாளையும் பேனாவையும் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். எழுத உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுவது, எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பது, வாசலைப் பார்ப்பது, மறுபடி வந்து எழுதினதை அடிப்பது என்று இருக்கிறேன். முன்னுக்குப் பின் வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திசையன்விளைப் பக்கம் ஒரு சிற்றூரில். அப்பாவுக்கு அங்கே பிழைப்பு இல்லாமல் போனபோது மாமா ஒருவர் கொச்சியில் வேலை இருக்கிறது என்று எங்களை அழைத்து வந்தார். அப்போது நான் இடுப்புக் குழந்தை. என்னைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியது அக்காதான். கொச்சங்காடியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் அம்மா சுக்கு தேய்க்கப் போனார்கள். கொஞ்ச நாளில் அக்காவும் கூடவே போய் உட்கார்ந்தார்கள். சுக்கின் தோலைத் தேய்த்து எடுத்து, உடைந்ததும் சொத்தையும் தனியாகப் பிரிக்கிற வேலை. தூசி மூக்கில் ஏறும், கண் எரியும். ஆனாலும் அக்கா உட்கார்ந்த இடத்தில் சிரிப்பு இருக்கும். மலையாளத்துப் பெண்கள், "தமிழத்தி வாய திறந்நா சுக்கும் சிரிக்கும்" என்பார்களாம். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அந்தச் சுக்குதான். அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை.

அதே கிட்டங்கியில் மூட்டை சுமந்த எங்கள் அத்தானுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் அதிகம் பேச மாட்டார்கள். அவர்களுடைய அப்பா குடித்தே குடும்பத்தை அழித்தவர் என்பதால் அத்தானுக்குக் குடி என்றாலே நடுக்கம். கோயிலில் சாமியார் நற்கருணையைத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கிற நாளில்கூட முகம் சுளித்துக்கொண்டுதான் வாங்குவார்கள். அக்கா கேலி செய்வார்கள்: "ஆண்டவரு ரத்தத்துலயும் நாத்தம் பாக்கிற ஒரே மனுசன் நீங்கதான்!" இதை இங்கே எழுதக் காரணம் உண்டு.

அத்தானுக்கு மேஸ்திரியாக இருந்தவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர். அக்கா மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கப்பைக் கிழங்கும் மீன் கறியும் எங்கள் வீட்டில்தான் அவருக்கு. அக்கா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் கிட்டங்கியில் மிளகு மூட்டை அடுக்கு ஒன்று சாய்ந்து நின்றது. மேலே உள்ளதை முதலில் இறக்க வேண்டும் என்று அத்தான் சொல்லியிருக்கிறார்கள். வெளியே லாரி நிற்கிற அவசரத்தில் மேஸ்திரி, "ஏறுடா, பேசாத" என்று விரட்டியிருக்கிறார். அத்தான் ஏறினார்கள். அடுக்கு சரிந்தது. வீட்டுக்கு உடம்பாகத்தான் வந்தார்கள்.

விசாரிக்க ஆட்கள் வந்தபோது மேஸ்திரி, "அவன் குடிச்சிட்டு வந்தான். நான் வேண்டான்னு சொல்லியும் ஏறினான்" என்று சொல்லிவிட்டார். கூட வேலை செய்தவர்கள் வேலைக்குப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சொல் தெருவுக்கு வந்தது, கோயிலுக்கு வந்தது, பள்ளிக்கூடத்துக்கும் போனது. அக்கா மகளை மற்ற பிள்ளைகள், குடித்துச் செத்தவன் மகள் என்று கூப்பிட்டதை நான் என் காதால் கேட்டேன்.

அக்கா சத்தம் போட்டு அழவில்லை. "ஆளக் கொன்னது மூட்டை. பேரக் கொன்னது அந்தாளு. மூட்டைய மன்னிச்சிட்டேன்" என்றார்கள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அக்கா உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சுக்கு வேலையை விட்டுவிட்டு வீடுகளில் பாத்திரம் கழுவப் போனார்கள், அது நின்று செய்கிற வேலை என்று. சாப்பாடு நின்றபடி. பேருந்தில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்து நிற்பார்கள். "உக்காருக்கா" என்றால், "உக்காந்தா அந்தாளு மூஞ்சி வருதுட்டி" என்பார்கள். மேஸ்திரி வீடு எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. அந்த வழியே போகாமல் மீன் கடைகளைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். கோயிலிலும் வாசல் பக்கம் தீர்த்தத் தொட்டி அருகேதான் நிற்பது. பரலோக மந்திரத்தில், தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்று வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். எல்லாரும் நற்கருணை வாங்க எழுந்தால் அக்கா வெளியே போய் கோயில் வளாகத்தைச் சுற்றுவார்கள். மகள் கல்யாணத்தன்று ஞானத்தகப்பன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அன்றும் தாய் நற்கருணை வாங்கவில்லை. பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

அப்போது இருந்த மலையாளத்துச் சாமியார், தமிழும் பேசுவார், பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வந்து பாவத்தை அறிக்கையிடும்படி அக்காவைக் கூப்பிட்டார்.

"சேச்சி, மன்னிக்க முடியலெங்கில் வேண்டா. மன்னிக்க ஆசையுண்டு என்று மட்டும் பறஞ்சா போதும்."

"ஆசையும் இல்ல அச்சா. கூண்டுக்குள்ள முழங்கால் போட்டுகிட்டு பொய் சொல்லவா?"

சாமியார் தலையில் கைவைத்து அனுப்பினாராம். என் அக்காவிடம் இதைத்தான் நான் பெரிய குணம் என்று நினைக்கிறேன். இல்லாததை இருக்கிறது என்று ஆண்டவரிடம்கூடச் சொன்னதில்லை.

உடம்பும் கெட்டது. வயிற்றில் ஓயாத எரிச்சல். தின்றது தங்காது. குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் பெரிதாக ஒன்றுமில்லை, மனதில் ஏதாவது கவலை உண்டா என்று கேட்டார். "மனசுல ஒரு ஆளு இருக்காரு டாக்டர். அவர வெளிய எடுக்க மாத்திரை உண்டுன்னா எழுதிக் குடுங்க" என்றார்கள் அக்கா. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா தூங்கி நான் கண்டதில்லை.

இப்படியே நாங்கள் கிழவிகளானோம். மேஸ்திரிக்கும் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பிறகு அவர் மனைவியும் இறந்துபோனார்கள். அந்த வருடத்துப் பெரிய வியாழனைத்தான் எழுத வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன்.

இங்கே பெரிய வியாழன் மாலை வீடுகளில் புளிக்காத அப்பம் அவிப்பது உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருக்கிற சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். அரிசியும் உளுந்தும் தேங்காயும் அரைத்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைத்து அவிப்பார்கள். வீட்டில் மூத்தவர் ஜெபம் சொல்லி அதை முறித்து எல்லாருக்கும் கொடுப்பார். சாவு நடந்த வீட்டில் அந்த வருடம் அப்பம் அவிக்க மாட்டார்கள். வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். கொச்சிக்கு வந்த பிறகு நம் ஆட்களும் இதைப் பழகிக்கொண்டோம்.

அன்று மாலை அக்கா அப்பத்தை அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மேஸ்திரியின் மருமகள் ஜான்சி. ஊர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான். எங்கள் பழைய கதை அவளுக்குத் தெரியாது.

"பெரியம்மா, மாமா காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. அத்தை இல்லயேன்னு நானே போன்ல வீடியோ பாத்து அப்பம் அவிச்சேன். சாவு வீட்டுல அவிக்கக் கூடாதாம். எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஊர்ல இந்த வழக்கமே கிடையாது. மாமா தட்டத் தள்ளிவிட்டுட்டாரு. எந்த வீட்டுல வாங்கியாரட்டும்னு கேட்டா உங்க வீட்டுப் பக்கமே கைய நீட்டுதாரு. ஒரு துண்டு தாங்க பெரியம்மா."

அக்கா நிலைப்படியில் கைவைத்து நின்றார்கள். "இங்க அப்பம் இல்ல" என்றார்கள்.

உள்ளே அப்பம் வேகிற ஆவி அக்காவின் தோளுக்கு மேலே வாசல் வரை வந்துகொண்டிருந்தது. ஜான்சி அந்த ஆவியைப் பார்த்தாள். அக்கா முகத்தைப் பார்த்தாள். "சரி பெரியம்மா" என்று மரியாதையாகத் திரும்பிப் போனாள்.

அக்கா அடுக்களைக்குப் போனார்கள், வாசலுக்கு வந்தார்கள், மறுபடி போனார்கள். முந்தானையை அவிழ்த்து அவிழ்த்துச் செருகினார்கள்.

"ஏட்டி, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"அப்பம் இல்லன்னு சொன்னக்கா."

"அடுப்புல இருக்கது என்ன?"

"அப்பம்."

"அப்ப அந்தாளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"அவரு சொன்னதுல ஒரு மனுசன் பேரு போச்சு. நீ சொன்னதுல ஒரு துண்டு அப்பம்தானக்கா."

"அளவு கேக்கலட்டி. நான் பயந்துபோய்ச் சொன்னேன். அந்தாளும் பயந்துபோய்த்தான் சொல்லியிருப்பாரு."

"உனக்கு என்ன பயம்?"

அக்கா சட்டென்று நின்றார்கள். "குடுத்துட்டா கோவம் போயிருமோன்னு பயம். இந்தக் கோவமும் போச்சுன்னா ஒங்க அத்தானுக்காகப் பேச யாரு இருக்கா?"

நான் போய் அடுப்பைத் தணித்தேன்.

அக்கா அப்பத்தை இறக்கினார்கள். ஆறக்கூட விடவில்லை. தட்டில் வைத்து வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டு நடந்தார்கள். மீன் கடைகளைச் சுற்றவில்லை. நேராக அந்தச் சந்துக்குள் போனார்கள். நான் பின்னாலே ஓடினேன். அந்த வீட்டு வாசல்படியோடு நான் நின்றுவிட்டேன். அக்கா உள்ளே போனார்கள்.

மேஸ்திரி கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து இருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மகனும் ஜான்சியும் எழுந்து நின்றார்கள். அக்கா முன்னுரை எதுவும் சொல்லவில்லை.

"அப்பம் இருந்துச்சு. இல்லன்னு பொய் சொன்னேன். அது என் பொய். இப்ப உங்க பொய்யச் சொல்லுங்க. அவுக குடிச்சாகளா?"

மேஸ்திரியின் நல்ல கை போர்வையைப் பிடித்து இழுத்தது. குழறிக் குழறி வார்த்தை வந்தது. "குடி... குடிக்கல. நான்தான்... ஏறச் சொன்னேன்."

மகன் அப்பாவைப் பார்த்தபடியே நின்றான். அவனுக்கு அது புதுச் செய்தி. மேஸ்திரி அழுதார். அக்கா அழவில்லை. முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்தார்கள், ஜெபம் சொன்னார்கள், அப்பத்தை முறித்து ஊட்டினார்கள்.

"மெதுவா முழுங்குங்க. தொண்டையில அடைச்சிச்சுன்னா அந்தப் பழியும் எம்மேல வரும்."

மேஸ்திரி பாதி வாயால் சிரித்தார். நான் வாசல்படியிலிருந்து இவ்வளவையும் பார்த்தேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அக்கா அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தார்கள். அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பாயா என்று கேட்டேன். "தெரியலட்டி. என்னையப் போட்டுக் குடையாத" என்றார்கள். உயிர்ப்பு ஞாயிறன்றும் நற்கருணை வாங்கவில்லை. சாமியாரிடம், "வாய் மன்னிச்சிருச்சு அச்சா, வயிறு இன்னும் மன்னிக்கல" என்றார்கள். அவர் சிரித்து, "வாய் முன்பே போகட்டே சேச்சி. வயிறு மெல்லெ வரும்" என்றார்.

ஜான்சி இடப்பள்ளியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியானம் மேஸ்திரிக்குக் கஞ்சி கொடுக்க ஆளில்லை. நான் கொடுக்கிறேன் என்று அக்கா சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சண்டை போட்டேன். கேட்கவில்லை. சில நாள் பாதி வழியில் கோபம் வந்து கஞ்சியோடு திரும்பி வந்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் வீட்டுக்குள் நடந்துவிட்டு, சூடு பண்ணி, மறுபடி எடுத்துப் போவார்கள். ஊட்டும்போதே திட்டுவார்கள்: "இந்த வாயாலதான அன்னைக்குச் சொன்னீரு? தொறயும்." மேஸ்திரி மறுபேச்சில்லாமல் வாயைத் திறப்பார்.

திட்டு எப்போது குறைந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கஞ்சிப் பாத்திரத்தோடு போன அக்காவை வெகுநேரமாகக் காணோமே என்று தேடிப்போனேன். மேஸ்திரி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்து, வாய் திறந்தபடி அக்காவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மடியில் கரண்டி கிடந்தது. நான் எழுப்பவில்லை. வெளியே நின்று அழுதேன்.

அதன்பிறகு வயிற்றெரிச்சல் குறைந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மத்திக் கறியில் காரம் போதாது என்று என்னோடு சண்டைக்கு வந்தார்கள். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை பரலோக மந்திரத்தில் அக்காவின் குரல் நிற்காமல் போவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அக்கா வரிசையில் போய் நற்கருணை வாங்கினார்கள். கோயிலில் சத்தமில்லாமல் ஒரு அசைவு ஏற்பட்டது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ருசியே மறந்து போயிருந்துச்சுட்டி" என்றார்கள்.

மன்னித்தால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன வயதில் நெஞ்சில் ஏறிய சுக்குத் தூசியோ என்னவோ, பிறகு மூச்சு நோய் வந்தது. அது போகவில்லை, அதுதான் கொண்டுபோனது. ஆனால் அந்த நோயிலும் அக்கா தூங்கினார்கள். அது வேறு மாதிரி உடம்பு. அது சுகமான உடம்பு என்றுதான் நான் சொல்லுவேன்.

கடைசி நாட்களில் மேஸ்திரியைச் சக்கர நாற்காலியில் வைத்து மகன் தள்ளிக்கொண்டு வந்தான். அக்கா மூக்கில் குழாயோடு, "யாரு முந்துதாருன்னு பாப்போம் அண்ணே" என்றார்கள். அவர் நல்ல கையை ஆட்டி, தான்தான் முந்துவேன் என்று காட்டினார். தோற்றுப்போனார்.

அன்று அவர் வீட்டுக்குத் திரும்பிப் போனபின் அக்கா என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ இன்னும் அந்த வீட்டு வாசப்படியிலேயே நிக்கியே" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மை அதுதான். அக்கா வருடக்கணக்காக நடந்து நடந்து கரைந்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான். அக்கா மன்னித்துவிட்டார்கள். எனக்கு முடியவில்லை. கஞ்சிப் பாத்திரம் கொண்டுபோய்க் கொடுப்பேன், உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன். "எனக்கு மலர் அடிச்சு நன்றி எழுதும்போது மேஸ்திரிய விட்டுராத. அதுவும் நீதான் எழுதணும்" என்று அக்கா சொன்னார்கள். அதனால்தான் எழுத உட்கார முடியாமல் இத்தனை நாள் எழுந்து எழுந்து போனேன்.

சென்ற வாரம் மேஸ்திரி வீட்டு வாசலில் நின்று, அத்தான் குடிக்கவில்லை என்பதை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். ஜான்சி அவர் காதில் சொன்னாள். "எழுது" என்றார். "எம்பேரப் போட்டே எழுது" என்றார். பெயரை நான் போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் அத்தான் குடித்தவர்கள் அல்ல. பழைய பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

இனி நன்றி. அக்காவை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய சந்துப் பையன்களுக்கும், நோயில்பூசுதல் கொடுத்த சாமியாருக்கும், அடக்கத்தன்று எல்லாருக்கும் சாயா போட்டுக் கொடுத்த அடுத்த வீட்டு உம்மாவுக்கும், கும்பளங்கியிலிருந்து வண்டி பிடித்து வந்த சம்பந்தி வீட்டாருக்கும், அக்காவைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திய ஜான்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மேஸ்திரிக்கும் நன்றி. அக்கா சொன்னதற்காக எழுதினேன், கைதான் எழுதியது. மனது பின்னால் வந்துகொண்டிருக்கிறது. எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இதை நீங்கள் வாசிக்கும்போது மேஸ்திரியுடைய சக்கர நாற்காலி முதல் வரிசையில், குடும்பத்தார் இடத்தில் இருக்கும். அங்கே விடச் சொன்னது நான்தான். பக்கத்தில் நான் இருப்பேன். சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லும்போது நான் மேஸ்திரி பக்கம் திரும்புவேன்.